பைக் ஏறும் வாசல்: வீடு கட்டும் விதிகளுக்கு ஒரு அறிமுகம்

தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம். வாசலில் நாலு படி. படிக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சிமென்ட் பூசிய சறுக்கு. இரண்டடி உயரத்தை ஆறடி நீளத்தில் ஏறிவிடும். ராத்திரி வீட்டுக்கு வருகிறவர் வண்டியை முதல் கியரில் போட்டு, ஒரு உறுமு உறுமவிட்டு, அந்தச் சறுக்கில் ஏற்றி போர்ட்டிகோவில் நிறுத்துவார். அதே வீட்டில் முட்டி தேய்ந்த அம்மா ஒருவர் இருப்பார். சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்குவார். வண்டிக்கு வழி யோசித்தவர்கள் இவருக்கு யோசிக்கவில்லை.

சென்னைப் புறநகரில் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், நம்ம இடத்துல நாம கட்டுறதுக்கு எதுக்கு ஆயிரம் பேரைக் கேக்கணும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தொடங்கினால், "பிளான் அப்ரூவல்" என்று நாம் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கும் மூட்டைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விதிகள் பல கிடப்பது தெரியும். இந்த மனையில் வீடு கட்டலாமா? கட்டலாம் என்றால் எவ்வளவு? கட்டினால் நிற்குமா? நின்றால், அதற்குள் யாரெல்லாம் நுழைய முடியும்? இந்த நாலு கேள்விக்கும் பதில் வெவ்வேறு புத்தகங்களில் இருக்கிறது. நாலையும் ஒரே ஆள் பார்ப்பதில்லை. அதில்தான் சிக்கலே.

முதல் கேள்வி நிலத்தின் பயன்பாடு பற்றியது. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, இங்கே குடியிருப்பு, இங்கே கடை, இங்கே தொழிற்சாலை, இங்கே விவசாயம் மட்டும் என்று வரைந்துவைப்பார்கள். இந்த மாநிலத்தில் இது நேற்று வந்த யோசனை இல்லை. 1920-லேயே சென்னை நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். இதைப் பார்ப்பது சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). சென்னையில் எந்தப் புல எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் சொல்கிறது.

பட்டா இருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்று சொல்லாது. புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உங்களுக்குச் சொந்த நிலம் இருக்கலாம். ஆனால் ஊர் குடிக்கும் தண்ணீர் அந்த மண்ணின் மேல் ஓடித்தான் ஏரிக்கு வருகிறது என்பதால் அங்கே கட்டுப்பாடுகள் உண்டு. திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஒரு போர்வை மாதிரி கிடக்கிறது. அதை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும். அதனால் அந்தப் பகுதியை நிலத்தடி நீர் ஊறும் பகுதி என்று தனியாக அடையாளமிட்டு, அடர்த்தியாகக் கட்டவிடாமல் வைத்திருக்கிறார்கள். கடலுக்கு இன்னும் அருகில் போனால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வந்துவிடும்.

மண்டலம் என்றால் வீட்டுப் பகுதியில் வீடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தையல் கடை, சிறிய மளிகைக் கடை எல்லாம் குடியிருப்பு மண்டலத்திலேயே வரலாம். சின்ன இயந்திரம் வைத்துத் தொழில் செய்வதென்றால் மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்த்து அனுமதிப்பார்கள். இது எனக்குப் பிடித்த பகுதி. தெருமுனையில் மாவரைத்துக் கொடுக்கும் கடை இல்லாத ஊர் எங்கே உருப்படும்?

மனை வாங்கும்போது கேட்க வேண்டியது மண்டலம் மட்டுமல்ல. அந்த மனைப்பிரிவே அங்கீகாரம் பெற்றதா என்றும் கேட்க வேண்டும். வயல் நடுவே கல் நட்டு, "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று பலகை வைத்து விற்ற காலம் நீண்ட நாள் ஓடியது. மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான் பலருக்கு இது உறைத்தது. பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி வழி கிடைத்தது. அந்தக் கட்டணத்தை மனை விற்றவர் கட்டினாரா, வாங்கியவர் கட்டினாரா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை வாங்கியவர்தான்.

சரி, மனை சரியான மண்டலத்தில் இருக்கிறது. எவ்வளவு கட்டலாம்?

இதற்கு இரண்டு கயிறுகள். ஒன்று எஃப்எஸ்ஐ, அதாவது தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு, எல்லா மாடிகளையும் சேர்த்து, கட்டலாம் என்ற எண் அது. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டகத்தைக் கொண்டுவந்து, உயரம் குறைந்த கட்டடங்களுக்கு இந்த எண்ணை 2 என்று வைத்தன. அதற்கு முன் சென்னையில் 1.5. மற்றொரு கயிறு செட்பேக்: மனையின் எல்லையிலிருந்து நாலு பக்கமும் விட வேண்டிய காலியிடம். சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

இரண்டும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஒரு கிரவுண்டு எடுத்துக்கொள்வோம். 40 அடிக்கு 60 அடி, 2400 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் மொத்தம் 4800 சதுர அடி கட்டலாம். "அப்போ 2400 வீதம் ரெண்டு மாடி" என்று துள்ளிவிடக் கூடாது. முன்னால் 10 அடி, பின்னால் 5 அடி, இரு பக்கமும் 5 அடி விட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் நிற்கக் கிடைப்பது 30 அடிக்கு 45 அடி, அதாவது 1350 சதுர அடி. மூன்று தளம் முழுதாகக் கட்டினால் 4050 ஆயிற்று. நாலாவது தளத்தில் 750 சதுர அடிதான் மிச்சம். செட்பேக் கட்டடத்தை ஒல்லியாக்குகிறது. எஃப்எஸ்ஐ அதை ஓரளவுக்கு மேல் வளரவிடாமல் பிடிக்கிறது. இதற்கு மேல் உயர வரம்பு ஒன்று தனியாக உண்டு. 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். விதிப் புத்தகமே வேறாகிவிடும். அகலமான சாலையில் மனை இருந்தால் அரசுக்குப் பணம் கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கலாம். அதற்குப் பெயர் பிரீமியம் எஃப்எஸ்ஐ.

செட்பேக்கில் கை வைக்காத வீட்டை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். "அஞ்சடி சும்மாதானே கிடக்குது, ஒரு பாத்ரூம் எடுத்துடலாம்" என்பார்கள். அந்த ஐந்தடியில்தான் உங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் காற்று வருகிறது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் இங்கே தாவாமல் தடுப்பதும், செப்டிக் டேங்க் லாரியின் குழாய் உள்ளே வருவதும், மழைநீர் சேகரிப்புத் தொட்டி உட்காருவதும் அந்த ஐந்தடியில்தான். மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து இங்கே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே ஒரு குழாயைத் தரையில் சொருகிப் புகைப்படம் எடுப்பது மழைநீர் சேகரிப்பு ஆகாது.

"மயிலாப்பூர்ல வீடெல்லாம் ஒட்டி ஒட்டித்தானே இருக்கு?" என்று கேட்பீர்கள். அவை தொடர் கட்டடப் பகுதிகள். பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவதுதான் வழக்கம் என்பதால் பக்க இடைவெளி இல்லாமலே கட்ட விதியே இடம் தருகிறது. அந்த வீடுகள் காற்றையும் வெளிச்சத்தையும் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை, நடுமுற்றத்திலிருந்து எடுத்தன. முற்றத்தை மூடி ஹாலாக்கிவிட்டு, பக்கவாட்டிலும் இடம் விடாமல் கட்டுவது இரண்டு உலகத்தின் கெடுதலையும் சேர்த்து வாங்குவது.

மூன்றாவது கேள்வி, நிற்குமா என்பது. இதற்கான மூலநூல் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1970-இல் முதலில் வெளியிட்டது. 2016-இல் அதைப் பெரிதாகத் திருத்தினார்கள். அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஜன்னல் தரைப்பரப்பில் எத்தனையில் ஒரு பங்கு, படி எவ்வளவு உயரம், தீயணைப்புக்கு என்ன என்று எல்லாம் அதில் இருக்கிறது. நம்மைப் போல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊருக்கு ஜன்னல் திறப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456, சுமைகளுக்கு ஐஎஸ் 875, நிலநடுக்கத்துக்கு ஐஎஸ் 1893 என்று தனித்தனித் தரநூல்கள் உண்டு.

புதிதாக இதைப் படிப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். தேசியத் தொகுப்பு தன்னளவில் பரிந்துரைதான். மாநில அரசோ உள்ளாட்சியோ தன் விதிக்குள் அதை எடுத்துப் போட்டால்தான் அது கட்டாயமாகும். "செய்தால் நல்லது" என்பதற்கும் "செய்தே ஆக வேண்டும்" என்பதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை மறக்காதீர்கள். கட்டுரையில் இன்னொரு முறை அது குறுக்கே வரும்.

இந்த விதிகள் தளத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கம்பி வளையம் போதும். பில்லருக்குக் கம்பி கட்டும்போது நெட்டுக்கம்பிகளைச் சுற்றி ரிங் போடுவார்கள். அந்த ரிங்கின் இரண்டு நுனியையும் எப்படி மடக்குகிறார்கள் என்று குனிந்து பாருங்கள். நுனி வெறும் செங்கோணத்தில், 90 பாகையில், மடங்கியிருந்தால் அது பில்லரின் மேல்தோலுக்குள்தான் கிடக்கும். நிலம் ஆடும்போது மேல்தோல் உதிர்ந்தால் ரிங் விரிந்துவிடும். ரிங் விரிந்தால் நெட்டுக்கம்பி பிதுங்கும். அதற்கப்புறம் பில்லர் என்று எதுவும் மிஞ்சாது. நுனி 135 பாகை மடங்கி, பில்லரின் வயிற்றுக்குள் கொக்கி மாதிரி மாட்டியிருந்தால் தோல் உதிர்ந்த பிறகும் பிடி விடாது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி அமைப்புக்கான ஐஎஸ் 13920 கேட்பது இதைத்தான். கம்பி கட்டுகிறவருக்குக் கூடுதலாக ஒரு மடக்கு. செலவு என்று பார்த்தால் ஒரு பில்லருக்கு ஒரு டீக்காசு வருமா என்பதே சந்தேகம்.

அதே தரநூலின் 2016 பதிப்பு, பில்லரின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் மேஸ்திரிமாருக்குப் பில்லர் என்றால் 9 அங்குலம்தான். சுவர் 9 அங்குலம், பில்லரும் 9 அங்குலம், சுவருக்குள் ஒளிந்துவிடும், அறை மூலையில் துருத்திக்கொண்டு நிற்காது. 9 அங்குலம் என்பது 230 மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. "சென்னையில எங்க சார் பூகம்பம்?" என்ற கேள்விக்குப் பதில், 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு 2002-இல் திருத்திய நிலநடுக்க வரைபடத்திலேயே சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது என்பதுதான். ஐஎஸ் 13920 பொருந்தத் தொடங்குவது அந்த மூன்றாம் மண்டலத்திலிருந்து. மூலையில் மூன்று அங்குலம் துருத்தினால் பீரோவைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

குஜராத் பேச்சு வந்ததால் ஸ்டில்ட்டையும், அதாவது வண்டி நிறுத்தத் திறந்துவிடும் கீழ்த்தளத்தையும், சொல்லிவிடுகிறேன். கார் நிறுத்த இடம் காட்டாமல் அடுக்குமாடிக்கு அனுமதி கிடைக்காது. அதனால் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் பில்லரில் நிறுத்தி வண்டிகளை விடுகிறோம். அந்த நிறுத்துமிடம் எஃப்எஸ்ஐ கணக்கிலும் வராது என்பதால் கட்டுகிறவருக்கு இரட்டை லாபம். ஆனால் மேலே நாலு மாடி சுவரோடு கனமாக விறைப்பாக நிற்க, கீழே சுவரே இல்லாத தளம் மெலிந்த கால் மாதிரி ஆகிவிடுகிறது. அகமதாபாத்தில் 2001-இல் விழுந்த அடுக்குமாடிகளில் பல இப்படிக் கீழே திறந்துவிட்டவைதான். ஒரு புத்தகம் ஸ்டில்ட் கட்டு என்று தூண்டுகிறது. இன்னொரு புத்தகம் கட்டினால் அந்தத் தளத்தைத் தனியாக வலுப்படுத்து என்று எச்சரிக்கிறது. முதல் புத்தகத்தை அதிகாரி பார்க்கிறார். இரண்டாவதை உங்கள் இன்ஜினியர் பார்க்க வேண்டும். பார்த்தாரா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

திட்ட அனுமதி கிடைத்துவிட்டாலே கட்டடம் உறுதி என்று நம்புவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்குப் போரூர் அருகே மௌலிவாக்கம் சாட்சி. 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர்கள். அது அனுமதி வாங்கிய கட்டடம். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்து இறக்கினார்கள். அனுமதிக்காக வரைபடம் பார்ப்பவர் பரப்பு, இடைவெளி, உயரம், பார்க்கிங் பார்ப்பார். பில்லருக்குள் எத்தனை கம்பி என்பது வேறொருவர் போடும் கையெழுத்தின் பொறுப்பு.

இனி நாலாவது கேள்வி. யார் நுழைய முடியும்?

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியும் கொடுக்கக் கூடாது, கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்று கொடுக்கக் கூடாது என்று அதன் 44-ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே நிற்கும் பொதுக் கட்டடங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. நல்ல பல் உள்ள சட்டம். ஆனால் அதன் கீழ் வந்த விதி, அளவுகளுக்கு வழிகாட்டி நூல்களைக் கைகாட்டிவிட்டது. அந்த நூல்களோ "செய்தால் நல்லது" தொனியில் எழுதப்பட்டவை. மேலே சொன்ன அதே இடைவெளி. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி பரிந்துரையாகக் கரைத்துவிட்டது, அந்த விதி சட்டத்துக்கே முரண் என்று தள்ளி, விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்ச அளவுகளை மூன்று மாதத்தில் தனியாக வகுக்கச் சொன்னது.

அளவுகள் ஒன்றும் மந்திரம் இல்லை. சாய்தளம் 1-க்கு 12. அதாவது ஒரு அடி ஏற 12 அடி ஓட வேண்டும். கதவு திறந்த நிலையில் 90 சென்டிமீட்டர் வழி. சக்கர நாற்காலி ஒரு முழுச்சுற்றுத் திரும்ப ஒன்றரை மீட்டர், நம் கணக்கில் ஐந்தடி வட்டம். சாய்தளத்தின் இருபுறமும் கைப்பிடி.

பராமரிப்பும் இதில் சேர்த்தி. மெரினாவில் கடலலை வரை சக்கர நாற்காலி போக 2022 நவம்பர் 27 அன்று மரப்பாதை திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. அந்த இரண்டு வாரத்துக்குள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலில் கால் நனைத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டம் குறிவைப்பது பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை. வங்கி, மருத்துவமனை, அலுவலகம், கடை. உங்கள் தனி வீட்டின் கதவு எவ்வளவு அகலம் என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. ஆக, ஒருவர் வாழ்நாளில் அதிக நேரம் இருக்கும் கட்டடத்தில்தான் அவருக்காக எந்த விதியும் இல்லை. வங்கியில் சாய்தளம் இருக்கும். வங்கிக்குப் போக வீட்டை விட்டு இறங்க வழி இருக்காது.

அங்கேதான் பைக் சறுக்குக்குத் திரும்ப வேண்டும். அது 1-க்கு 3. இன்ஜின் ஏறும், மனிதர் தள்ளும் நாற்காலி ஏறாது, இறங்கும்போது கவிழும். அதே இரண்டடி உயரத்துக்கு ஒழுங்கான சாய்தளம் வேண்டுமென்றால் 24 அடி நீளம். அரை கிரவுண்டு மனையின் முன்பக்கத்தில் அதற்கு இடமில்லை. பக்கவாட்டு இடைவெளியை ஒட்டிப் போகலாம், நடுவில் ஒரு சமதளம் விட்டு மடித்துத் திருப்பலாம். எல்லாமே வரைபடம் போடும் அன்று யோசித்தால் முடியும். கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் யோசித்தால் முடியாது.

ஏன் இரண்டடி? தரைமட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிட 45 சென்டிமீட்டராவது, அதாவது ஒன்றரை அடி, உயரமாக இருக்க வேண்டும் என்கிறது தேசியத் தொகுப்பு. ஆனால் யாரும் அதோடு நிறுத்துவதில்லை, அதற்கும் காரணம் உண்டு. என் பெரியப்பா வீடு 1980-களில் கட்டியது. சின்ன வயதில் அந்த வீட்டுக்கு நாலு படி ஏறிப் போவோம். இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். வீடு எங்கேயும் போகவில்லை. ரோடு மேலே ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார். 2015 டிசம்பரில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் மூன்று நாள் நின்றது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் புது வீட்டை மூன்றடி, நாலடி தூக்கித்தான் கட்டுவார்கள். 2021-இல் தலைமைச் செயலாளரே பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆனால் ஏற்கெனவே சூடு கண்டவர்கள் காகிதத்தை நம்பித் தரைமட்டத்தை இறக்குவதில்லை. மூன்றடி என்றால் சாய்தளம் 36 அடி. 40 அடி ஆழமுள்ள மனையில் கிட்டத்தட்ட பின்சுவர் வரை. ரோடு போடுகிறவருக்கும் என் பெரியம்மாவின் முட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்பது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

படி வெளியே நீட்டிக்கொண்டு மழைநீர் வடிகாலின் மேல் உட்காருவதும் இதனால்தான். உயரத்தை ஏற்றிவிட்டு, இடத்தையெல்லாம் உள்ளே கட்டிவிட்டு, படியைத் தெருவுக்குத் தள்ளுகிறோம். அது ஆக்கிரமிப்பு. வடிகால் தூர்வார வரும்போது இடித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் ஒரு மாதம் பலகை போட்டு ஏறுவோம்.

வாசலைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். வீட்டுக்குள் ஆளைச் சிறை வைப்பது குளியலறைக் கதவு. நம் ஊரில் பாத்ரூம் கதவு என்றால் இரண்டரை அடி. அது நிலையின் வெளியளவு. இரண்டு பக்கக் கட்டையும் தலைக்கு இரண்டரை அங்குலம் தின்றால் 25 அங்குலம் மிச்சம். கீலில் மாட்டிய கதவின் தடிமன் இன்னும் ஒரு அங்குலத்தை மறைக்கும். கடைசியில் கிடைப்பது இரண்டே அடி, 61 சென்டிமீட்டர். சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் அதைவிட அதிகம். இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பெரியம்மாவை, அந்த நிலை வரை நாற்காலியில் கொண்டுபோய், அங்கிருந்து இரண்டு பேர் தூக்கிப் போனோம். தினம் மூன்று முறை. ஒரு வாரம் கழித்து அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். கதவைப் பெரிதாக்கலாம் என்றால் அந்தப் பக்கம் பில்லர். பில்லரை நகர்த்த முடியுமா?

இந்த ஒரு கதவு வீடு கட்டும் நாளில் மூன்றடியாகச் சொல்லப்பட்டிருந்தால் மரத்தில் சில நூறு ரூபாய்தான் கூடியிருக்கும். நிலை மூன்றடி, உள்ளே 5 அடிக்கு 8 அடி, தரையில் வழுக்காத டைல், கழிப்பறை பக்கத்துச் சுவர் கைப்பிடி தாங்கும் அளவுக்குத் திடமான செங்கல் சுவர். கைப்பிடியை இப்போதே மாட்ட வேண்டியதுகூட இல்லை. பிறகு ஒருநாள் துளை போட்டால் பிடித்துக்கொள்ளும் சுவராக இருந்தால் போதும். தரைத்தளத்தில் ஒரு அறையும் ஒரு குளியலறையும் இப்படி அமைத்துவிட்டால் மேலே எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள் என்பேன்.

2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறையில் வீட்டு அனுமதி வாங்கலாம். 2500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமோ அதோடு முதல் தளமோ, 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுவதென்றால் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. முன்கூட்டியே வந்து இடம் பார்ப்பது இல்லை, நிறைவுச் சான்றும் தேவையில்லை. வரவேற்க வேண்டியதுதான். அலையவிட்ட காலத்தைப் பார்த்தவன் நான். ஆனால் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்றால், இதுவரை சொன்ன செட்பேக், ரிங், பில்லர், கதவு எல்லாவற்றையும் பார்க்கும் ஆள் நீங்கள்தான். தப்பான தகவல் கொடுத்து வாங்கிய அனுமதியை ரத்து செய்யவும் முடியும்.

போன மாதம் மேடவாக்கம் பக்கம் ஒரு வீட்டுக்கு நிலை வைக்கும் வேலை. ஆசாரி அளவு எழுதிக்கொண்டிருந்தார். தலைவாசல் மூன்றரை, பெட்ரூம் மூன்று, அடுத்த பெட்ரூம் மூன்று.

"பாத்ரூம் வழக்கம்போல ரெண்டரை போட்டுக்கிறேன் சார்."

"இல்லண்ணே, கீழ்த்தளத்து பாத்ரூம் மூணு."

பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாத்ரூமுக்கு எதுக்கு சார் மூணு? பைக்கையா உள்ள ஏத்தப் போறாங்க?"